இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விரட்டப்பட்டவர்கள்: பள்ளியிலும் அருங்காட்சியகத்திலும் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள்?

வடக்குவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தில் ஆறு வருடமாக இருக்கிறோம். மகன் இங்கேயே போலிஷ் பள்ளியில் எட்டாம் வகுப்பு. போன வாரம் வரலாற்று ஆசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். 1945-இல் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது, இந்த ஊருக்கு எப்படி வந்தது, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வா என்று. நாங்கள் விருதுநகர்ப் பக்கம், இந்த ஊரோடு அந்தக் காலத்தில் ஒரு தொடர்பும் கிடையாது. மகன் போய்ச் சொல்லியிருக்கிறான். "சரி, நீ உன் வீட்டைப் பற்றி எழுது, அங்கே முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டுப்பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாங்கள் வாடகைக்கு இருப்பது முதல் உலகப்போருக்கு முன்னால் கட்டிய வீடு. குளியலறைக் குழாயின் பீங்கான் பிடியில் 'கால்ட்' (குளிர்), 'வார்ம்' (சூடு) என்று ஜெர்மன் எழுத்து. கதவில் கடிதம் போடும் துளைக்கு மேலே பித்தளைத் தகட்டில் 'ப்ரீஃபே'. கடிதங்கள் என்று அர்த்தம். ஆறு வருடமாகத் தினமும் தொட்டுத் திறக்கிற கதவுதான், நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். மகன் அவரிடம் கேட்டிருக்கிறான். ல்வூஃப் பக்கத்துக் கிராமத்திலிருந்து (இன்று அது உக்ரைனில் லிவிவ்) ஐந்து வயதில் சரக்கு ரயிலில் வந்தாராம், ஒரே பெட்டியில் மாடும் ஆட்களும். இந்தக் கட்டிடத்தில் அவர்களுக்கு ஒரு வீடு கொடுத்தபோது உள்ளே ஒரு ஜெர்மன் அம்மாவும் மகளும் இன்னும் இருந்திருக்கிறார்கள். நாலைந்து மாதம் இரண்டு குடும்பமும் ஒரே சமையலறை. ஓடு பதித்த அடுப்பில் எப்படிக் கரி போட்டு மூட்டுவது என்று அந்த ஜெர்மன் அம்மாதான் பாட்டியின் தாயாருக்குக் கைஜாடையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்புறம் ஒரு காலையில் அவர்களுக்கு உத்தரவு வந்தது, மூட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள். "என் அம்மா அன்றைக்கு அழுதாள், ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை" என்று பாட்டி சொன்னாராம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இந்த ஊர் 1945 வரை பிரெஸ்லாவ், 6 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஜெர்மன் நகரம். 1945 ஜனவரியில் நாஜி நிர்வாகமே பெண்களையும் குழந்தைகளையும் பனியில் நடந்து போகச் சொல்லி விரட்டியது, நகரத்தைக் கோட்டையாக்கி மே 6 வரை சண்டை போட்டது. போர் முடிந்து எல்லை மேற்கே நகர்ந்தது. மிச்சம் இருந்த ஜெர்மானியர் ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள். சோவியத் எடுத்துக்கொண்ட கிழக்குப் பகுதியிலிருந்து போலிஷ் மக்களில் ஒரு பகுதியினர் இங்கே வந்தார்கள், மத்திய போலந்திலிருந்தும் நிறையப் பேர். பிரஷ்ய அரசர் குதிரைமேல் உட்கார்ந்திருந்த சதுக்கத்தில், ல்வூஃப் நகரத்திலிருந்து கொண்டுவந்த நாடகாசிரியர் ஃப்ரெட்ரோவின் சிலையை 1956-இல் வைத்தார்கள். அந்தச் சிலையடியில்தான் இன்றைக்கும் எல்லோரும் "அங்கே வந்துடு" என்று சந்திக்கிறார்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் மூன்று சொல் எழுதினாராம். 'ரெபாட்ரியாட்ஸ்யா', தாயகம் திரும்புதல். 'விஸியெட்லெனியே', குடிபெயர்த்தல். 'விபென்ட்ஸெனியே', விரட்டியடித்தல். பாட்டியின் குடும்பத்துக்கு எந்தச் சொல், அந்த ஜெர்மன் அம்மாவுக்கு எந்தச் சொல் என்று கேட்டாராம். வகுப்பில் பெரிய சண்டை. இவ்வளவு நேர்மையாக ஒரு பாடம் நடப்பதை நான் பார்த்ததில்லை. மற்ற ஊர்களில் இதை எப்படிச் சொல்லித்தருகிறார்கள்?

கரிசக்காடு:

அண்ணே, பாட்டி கதை மனதைத் தொட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போரைத் தொடங்கியது யார்? போலந்தில் யூதர்களையும் மற்றவர்களையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொன்றது யார்? அதைச் செய்த நாட்டு மக்கள் வீடு இழந்ததற்கு அருங்காட்சியகம் கட்டி உருகினால் அது எங்கே போய் முடியும்? 1950-இல் ஜெர்மனியில் விரட்டப்பட்டோர் சங்கங்கள் ஒரு சாசனம் வெளியிட்டார்கள், "பழிவாங்கலைக் கைவிடுகிறோம்" என்று. அதில் யூதப் படுகொலை பற்றி ஒரு வரி இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பழைய நாஜிகளும் இருந்தார்கள். எனக்கு இந்த விஷயத்தில் பயம்தான் முதலில் வருகிறது.

முற்றத்துவேம்பு:

கரிசக்காடு தம்பி சொல்லுற பயம் நியாயமானது, அதை நான் இங்கே கண்ணால் பார்க்கிறேன். நாங்கள் ஜெர்மனியில் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலனில் முப்பது வருஷமாக இருக்கிறோம், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். என் மகள் பத்தாம் வகுப்பு. நாஜிக் காலத்தை மாதக்கணக்கில் படிப்பிக்கிறார்கள், வதைமுகாமுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள், அது கட்டாயம் வேணும். ஆனால் கிழக்கில் இருந்து ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன்காரர் வந்து சேர்ந்த கதைக்கு அவளின் வகுப்பில் இரண்டு பாடவேளைதான். ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஒரு வரைபடம், முடிஞ்சுது.

எங்கட பக்கத்து வீட்டு ஐயா சிலேசியாவில் (பிரெஸ்லாவ் இருக்கிற பகுதி) இருந்து எட்டு வயதில் வந்தவர். அவரின் முற்றத்தில் ஒரு சின்ன மரத்தள்ளுவண்டி நிக்குது, பக்கத்தில் ஏணி மாதிரிச் சட்டம் போட்டது, இப்ப அதுக்குள்ள சிவப்புப் பூச்செடி வச்சிருக்கிறார். அந்த வண்டியில்தான் அவரின் தம்பியையும் சமையல் சட்டியையும் வச்சு அம்மா இழுத்துக்கொண்டு வந்தவவாம். தம்பி வழியில் செத்துப்போனார். இதே மாதிரி வண்டியை ஜெர்மனியில் எத்தனையோ ஊர் அருங்காட்சியகத்தில் வச்சிருக்கிறார்கள். கண்ணாடிக்குள்ள, கீழே ஒரு சின்ன அட்டை. பிள்ளைகள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போயிடுதுகள்.

என் மகள் ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டாள், "உங்கட அப்பா அப்ப எங்கே இருந்தவர்?" என்று. அவர் கனநேரம் பேசாமல் இருந்திட்டு, அப்பா போலந்தில் ராணுவ நிர்வாகத்தில் இருந்தவர், அதைப்பற்றி வீட்டில் ஒருத்தரும் கதைக்கிறதில்லை என்றார். அந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிற இடம்தான் பள்ளிக்கூடம் என்று நான் நினைக்கிறேன். வண்டியை மட்டும் காட்டினால் கரிசக்காடு தம்பி பயப்படுற இடத்தில் போய் நிற்கும். அப்பாவை மட்டும் கேட்டால் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு இடமே இல்லாமல் போயிடும். விட்டுவிட்டு வந்த வீடு என்றால் என்ன என்று எனக்கு விளங்கும், அதனால் இதை என்னால் கடந்து போக ஏலாது.

சாக்பீஸ்:

முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தம்பி வடக்குவாசல் எழுதிய அந்த மூன்று சொல் விஷயத்தைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஆசிரியை கரும்பலகையில் எழுதிய மூன்று சொல்லுக்காக இரண்டு நாடுகள் பல ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்து வாதாடியிருக்கின்றன.

1972-இல் யுனெஸ்கோ ஆதரவில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் ஒரு பாடநூல் ஆணையம் அமைத்தன. ஒருவர் பாடநூலை மற்றவர் படித்து, எது தவறு, எது விட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். 1976-இல் பரிந்துரைகள் வந்தன. பெரிய முட்டுக்கட்டையே இந்த இடம்தான். போலந்துக்காரர் போட்ஸ்டாம் மாநாட்டில் எழுதிய சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1945 ஆகஸ்டில் நேச நாடுகள் அங்கே "ஒழுங்கான, மனிதாபிமான" இடமாற்றம் என்று எழுதி வைத்தன அல்லவா, அது. ஜெர்மானியர் 'ஃபெர்ட்ரைபுங்', அதாவது விரட்டல் என்ற சொல்லைக் கேட்டார்கள். கடைசியில் மக்கள் இடப்பெயர்வு என்பது போன்ற நடுவாந்தரச் சொல்லில் போய் நின்றது. மேற்கு ஜெர்மனியில் அதற்கு எதிராக ஒரே கூச்சல், சில மாநிலங்கள் ஏற்கவே இல்லை. ஆனாலும் அவர்கள் எழுந்து போய்விடவில்லை, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த ஆணையம் இன்றும் இருக்கிறது. 2016-க்கும் 2020-க்கும் இடையில் இரண்டு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவாக நான்கு தொகுதி வரலாற்றுப் பாடநூல், இரண்டு மொழியிலும் ஒரே உள்ளடக்கத்தோடு வெளிவந்துவிட்டது.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். மேற்கு ஜெர்மன் பள்ளி வரைபடத்தில் போருக்கு முந்தைய 1937 எல்லையைப் புள்ளிக்கோட்டால் போட்டு, பிரெஸ்லாவ் இருக்கும் பகுதியில் "தற்போது போலந்து நிர்வாகத்தில்" என்று அச்சடித்தார்கள். 'ஓஸ்ட்குண்டே', கிழக்கைப் பற்றிய பாடம் என்று தனியாக நடத்தச் சொன்னார்கள். பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்? ஒருநாள் திரும்பிப் போகலாம் என்றுதானே. கிழக்கு ஜெர்மனியில் நேர் எதிர். அங்கே வந்தவர்களுக்கு 'உம்சீட்லர்', குடிமாறியவர் என்று பெயர். விரட்டல் என்று சொன்னால் சோவியத் தோழருக்குக் கோபம் வரும். அங்கே நாலு பேரில் ஒருவர் அப்படி வந்தவர், ஆனால் பாடப்புத்தகத்தில் அவருடைய கதை இல்லை. போலந்திலோ அந்தப் பகுதிக்கே 'மீட்கப்பட்ட நிலங்கள்' என்று பெயர் வைத்து, தம்பி இருக்கும் அதே ஊரில் 1948-இல் பெரிய பொருட்காட்சி நடத்தினார்கள். மீட்ட நிலம் என்று சொன்ன பிறகு, அங்கே அறுநூறு ஆண்டு வேறு யாரும் வாழ்ந்ததாகச் சொல்ல இடம் எங்கே?

மொராவியா:

செக் நாட்டில் பிர்னோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே அந்தச் சொல் 'ஒட்சுன்', அப்படியே நகர்த்தி வைத்தல் என்று எடுத்துக்கொள்ளலாம், மேசையை நகர்த்துவதுபோல. போருக்குப் பிறகு சுமார் முப்பது லட்சம் ஜெர்மானியரை இங்கிருந்து அனுப்பியதற்கு இந்தச் சொல்தான் பல தலைமுறையாகப் புழக்கத்தில் இருந்தது.

1945 மே 30 இரவு இந்த ஊரிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆஸ்திரிய எல்லையை நோக்கி நடக்கவைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வழியில் போஹொர்ஷெலிட்ஸே என்ற ஊரில் அடைத்துவைத்து, நோயில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கல்லூரி மாணவர்கள் 2007 வாக்கில் அந்த வழியே நினைவு நடை தொடங்கினார்கள். 2015-இல் நகர மன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அந்த வருடம் நடையின் திசையை மாற்றினார்கள். போஹொர்ஷெலிட்ஸேயிலிருந்து பிர்னோவுக்கு, அதாவது வெளியே துரத்திய பாதையிலேயே ஊருக்குள் திரும்பி வருவதாக. நான் இரண்டு தடவை நடந்திருக்கிறேன், முப்பது கிலோமீட்டருக்கு மேல். கால் வீங்கிவிட்டது. கைக்குழந்தையோடு ராத்திரியில் அதை நடந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும், பள்ளியில் முதலில் கெட்டுப்போவது அதுதான். செக் பகுதியில் இறந்த ஜெர்மானியர் 2 லட்சத்துக்கும் மேல் என்று ஜெர்மன் பக்கத்தில் நெடுநாள் சொன்னார்கள். 1996-இல் இரு நாட்டு வரலாற்றாளர் ஆணையம் சேர்ந்து உட்கார்ந்து 15 ஆயிரம் முதல் 30 ஆயிரம் வரை என்று சொன்னது. 30 ஆயிரம் ஒன்றும் சின்ன எண் இல்லை. ஆனால் பெரிய எண்ணைச் சொல்லித்தான் இரக்கம் வாங்க முடியும் என்று நினைப்பதும், சின்ன எண் என்பதால் பேசாமல் விடலாம் என்று நினைப்பதும் ஒரே தவறு.

அப்புறம், வடக்கே ஊஸ்டி என்ற ஊரில் 2021-இல் 'நம் ஜெர்மானியர்' என்ற பெயரில் நிரந்தரக் கண்காட்சி திறந்தார்கள். அந்த 'நம்' என்ற சொல்லைப் பாருங்கள். 1945 ஜூலை 31 அன்று பாலத்திலிருந்து ஜெர்மானியரை ஆற்றில் தள்ளிக் கொன்ற ஊர் அது. கண்காட்சி விரட்டலில் தொடங்குவதில்லை, இடைக்காலத்தில் அவர்கள் வந்து குடியேறியதிலிருந்து தொடங்கிப் பல நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்ததைச் சொல்கிறது. கூட இருந்தவர்கள் என்று தெரிந்தால்தானே போனது வலிக்கும்.

கரிசக்காடு:

மொராவியா அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 'நம்' என்ற சொல்லுக்கு நன்றி. என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். பெர்லினில் இதற்கென்றே ஒரு மையம் கட்டியிருக்கிறார்களே, அதை யாராவது பார்த்தீர்களா? எரிகா ஷ்டைன்பாக் தொடங்கிவைத்த பேச்சுதானே அது? அந்த அம்மாவின் அப்பா ஆக்கிரமிப்பு ஜெர்மன் படைவீரராகப் போலந்துக்குப் போனவர், அங்கே பிறந்தவர் 2014 வரை 'விரட்டப்பட்டோர்' சங்கத்துக்கே தலைவியாக இருந்தார். 1991-இல் போலந்து எல்லையை உறுதி செய்யும் ஒப்பந்தத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். போலந்துக்காரர் கொதித்ததில் என்ன ஆச்சரியம்?

முற்றத்துவேம்பு:

நான் போய்ப் பார்த்தனான், இரண்டு தடவை. தம்பி சொன்னதெல்லாம் சரி. 2000-இல் அவர் தொடங்கின திட்டம் பெரிய பிரச்சினையாகி, கடைசியில் அரசே 2008-இல் சட்டம் போட்டு வேறு ஒரு நிறுவனமாக அமைத்தது. 'தப்பியோடல், விரட்டல், நல்லிணக்கம்' என்று பெயர். 2021 ஜூனில்தான் திறந்தார்கள். அவ்வளவு காலம் சண்டை பிடிச்சதில் ஒரு நன்மை நடந்திருக்கு என்று எனக்குப் படுது, சண்டை அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே தெரியுது.

அனுமதி இலவசம். உள்ளே போனதும் ஜெர்மன்காரரின் கதை வராது. முதல் மாடி முழுக்க இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அதற்கு வெளியேயும் ஏன் மக்களை விரட்டினார்கள் என்பதுதான். தேசம் என்ற எண்ணம், போர், முகாம், எல்லை, அகதிச் சட்டம் என்று ஒவ்வொரு மேசையாக. பிறகு படியேறி இரண்டாம் மாடிக்குப் போனால்தான் 1945. அங்கேயும் முதலில் நாஜிகள் போலந்தில் என்ன செய்தார்கள் என்பதைத் தாண்டித்தான் வண்டிக்கும் மூட்டைக்கும் வரவேணும். பேச்சு இல்லாமல் இருக்க ஒரு அமைதி அறையும் வச்சிருக்கிறார்கள். நான் அங்கே கனநேரம் இருந்தேன்.

ஒரு குறை சொல்லியே ஆகவேணும். பக்கத்து வீட்டு ஐயாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் மாடியில் அவர் பொறுமை இழந்துவிட்டார். "என்னுடைய கதைக்கு வர ஒரு மாடி முழுக்க அனுமதிச்சீட்டு வாங்கவேணுமா?" என்று கேட்டார். அவருக்கு வயது எண்பத்தெட்டு, கால் வலி வேற. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வரிசை சரி. அவருக்கு அது கொடுமை. இரண்டும் உண்மை.

தேயிலைப்பேரன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், வடக்குவாசல் அண்ணன் எழுதிய 'தாயகம் திரும்புதல்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கோத்தகிரி. என் தாத்தா இலங்கை மலையகத்தில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தப் 'பிறகு' 1974-இல் வந்து, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். போர் முடிந்து ரயிலேற்றியதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். எங்கள் காகிதங்களில் அன்றிலிருந்து 'தாயகம் திரும்பியோர்'. அவர் அதற்கு முன் ஒருநாள்கூட இந்தியாவில் கால் வைத்ததில்லை. திரும்பியது எங்கே?

வடக்குவாசல் அண்ணன் சொன்ன அந்தக் கீழ்வீட்டுப் பாட்டியும் அப்படித்தானே. அவருக்கும் அதே பெயர், அவரும் முன்பின் பார்க்காத ஊர். இதை நான் பள்ளியில் படித்த ஞாபகம் இல்லை. ஒப்பந்தத்தின் பெயரைப் போட்டித் தேர்வுக்குத்தான் மனப்பாடம் செய்தேன், என் தாத்தா அதற்குள் இருக்கிறார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

சாக்பீஸ்:

தேயிலைப்பேரன், நீங்கள் எழுதியது எனக்கு உறைத்தது. அந்த ஒப்பந்தத்தை நானே எத்தனையோ முறை ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் அந்தக் குடும்பத்துப் பிள்ளை யாராவது உட்கார்ந்திருந்தானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் செய்யத் தவறியது அது.

உங்கள் தாத்தா பாட்டி யாராவது இருக்கிறார்களா? பயணக் காகிதம், குடும்ப அட்டை ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் விரட்டப்பட்டவர்கள் ஊர் ஊராக 'ஹைமாட்ஷ்டூபே' என்று சின்னச் சின்ன அறைகள் வைத்திருந்தார்கள், நூற்றுக்கணக்கில். பழைய ஊரின் வரைபடம், சர்ச் பதிவேடு, உடுப்பு, சாவி என்று. அதை வைத்தவர்கள் இறக்க இறக்க அறைகள் மூடப்படுகின்றன, பொருட்கள் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கின்றன. அவர்களுக்கே அந்த நிலைமை என்றால் நமக்கு அறையும் கிடையாது.

தேயிலைப்பேரன்:

பாட்டி இருக்கிறார், ஐயா. பீரோவில் ஒரு தகரப் பெட்டிக்குள் பாஸ்போர்ட் போன்ற ஒரு புத்தகம் இருக்கிறது, அதில் குடும்பமே வரிசையாக நின்று எடுத்த ஒரே புகைப்படம். என் அப்பா அதில் பாட்டியின் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை போய்ப் போனில் படம் எடுத்து, பாட்டி பேசுவதையும் பதிவு செய்யப்போகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் ஐயா.

சாக்பீஸ்:

பெரிய கேள்விகளோடு போகாதீர்கள். என்ன எடுத்துக்கொண்டு வந்தீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள், அந்த லயத்து வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அப்புறம் யார் குடிவந்தார்கள், கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள். இந்த நாலு போதும். அப்புறம் குறுக்கே பேசாமல் இருங்கள்.

வடக்குவாசல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை மகனையும் கூட்டிக்கொண்டு கிராபிஷின் பூங்காவுக்குப் போனேன். போருக்குப் பிறகு இந்த ஊரின் ஜெர்மன் கல்லறைத் தோட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள், கற்களைக் கட்டிட வேலைக்குக்கூடப் பயன்படுத்தினார்கள். 2008-இல் நகரமே முன்வந்து, மிஞ்சிய கல்லறைக் கற்களைச் சுவரில் பதித்து ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறது. ஆறு வருடத்தில் அந்தப் பூங்காவுக்கு எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறேன், சுவர்ப்பக்கம் போனதில்லை. மகன் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே நடந்தான்.

கரிசக்காடு தம்பிக்கு: உங்கள் பயத்தை மகனிடம் அப்படியே சொன்னேன். கட்டுரையில் அந்த ஜெர்மன் அம்மாவின் கணவர் எங்கே இருந்தார் என்றும் எழுதலாமா என்று கேட்டான். தெரியாது என்று எழுது என்றேன்.

முற்றத்துவேம்பு அக்கா, மூன்று சொல்லில் எதைப் போடுவது என்று அவன் பாட்டியிடமே கேட்டுவிட்டான். எங்கள் குடும்பத்துக்கு ரெபாட்ரியாட்ஸ்யா என்று அடையாள அட்டையில் இருந்தது, ஆனால் அப்பா வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லவே விட்டதில்லை என்றாராம். அந்த ஜெர்மன் அம்மாவுக்கு? "நாங்கள் வந்தோம், அதனால் அவள் போனாள்" என்றாராம். அதையே எழுதியிருக்கிறான். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரப் பாட்டி சம்மதித்திருக்கிறார், மூன்று மாடி ஏற வேண்டும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.